ரெண்டாவது தாள்

வாங்க தம்பி, வாங்க. அந்த நாற்காலியில உக்காருங்க, ஃபேன் காத்து நல்லா வரும். நீங்கதான அந்த மூலை ஊட்டை வாங்கினது? பச்சை கேட்டுப் போட்ட ஊடு? ஆமாமா, கேள்விப்பட்டனுங்க. நல்ல ஊடு. தண்ணிக்குப் பஞ்சமே இல்லை. வயரிங் மட்டுந்தான் ரொம்பப் பழசு. மாத்தித்தான் ஆகோணும்.

கொட்டேஷன் வாங்கீட்டீங்களா? யாருகிட்ட, ஜெயசீலன்கிட்டயா? என்னையக் கேக்கச் சொல்லி அவனே அனுப்பினானா! "நாச்சிமுத்து சார் ஊட்டுல நாந்தான் பண்ணினேன், அவரையே கேட்டுப் பாருங்க"ன்னா சொன்னான்? தைரியந்தானுங்க அவனுக்கு. குடுங்க அந்தப் பேப்பரை, அப்புறம் பாக்கறேன். மொதல்ல சங்கதியைக் கேளுங்க.

ஒரு கொட்டேஷன் நியாயமா இல்லையான்னு பாக்கறது சும்மா இல்லீங்க தம்பி. நான் இந்த உடுமலையில ஒரு ஸ்பின்னிங் மில்லுல, ஸ்டோர்ஸ்ல முப்பத்தொரு வருசம் இருந்தவன். மூணு கொட்டேஷன் இல்லாம அந்த மில்லுக்குள்ள ஒரு வெளக்கமாறு கூட வந்ததில்லை. மொதலாளியே நேர்ல வந்து, "நாச்சிமுத்து, அவசரம், இந்த பெல்ட்ட உடனே வாங்கிப் போடு"ம்பாரு. "வாங்கீரலாமுங்க, இன்னும் ரெண்டு கொட்டேஷன் வரட்டுமுங்க"ம்பேன். ஒருக்கா அப்பிடித்தான், பெல்ட் இல்லாம ஒரு செக்சனே ரெண்டு நாளு நின்னு போச்சு. ஆனா பாருங்க, பெல்ட்டுல எழுவத்தஞ்சு ரூவா மிச்சம் பண்ணிக் குடுத்தேன்.

நான் ரிட்டையர் ஆனப்ப மொதலாளி மேடையிலயே சொன்னாரு, "நாச்சிமுத்துவ ஏமாத்த இனிமேத்தான் ஒருத்தன் பொறந்து வரோணும்"னு. எல்லாரும் கை தட்டினாங்க. மனோன்மணி மட்டும் தட்டலை. கையில பை வெச்சிருந்தா.

மனோன்மணி எங்கூட்டுக்காரிங்க. உள்ளதான் இருக்கறா. ஏ அம்மிணி, மூலை ஊட்டுத் தம்பி வந்திருக்காரு, ரெண்டு காப்பி போடு. சக்கரை போடலாமுங்களா? போடலாமாம்!

சரி, எங்க உட்டேன்? போன பங்குனிக் கடேசியிலங்க. நான் இதே எடத்துல உக்காந்து டிவி பாத்துட்டு இருக்கறேன், ரப்பர் எரியற நாத்தம். பாத்தா அந்த சுச்சுப் போர்டுல இருந்து பொகை வருது. மனோன்மணிதான் ஓடிப் போயி மெயினை அமத்தினா. மெயின் எங்க இருக்குதுன்னு எனக்கும் தெரியும். அவ கிட்டக்க இருந்தா, அவ்வளவுதான்.

இந்த ஊடு கட்டி முப்பத்தெட்டு வருசமாச்சுங்க. எங்க கண்ணாலமும் ஊடு கட்டினதும் ஒரே வருசம். அன்னைக்குப் போட்ட ஒயரு. மொத்தமும் மாத்தீரலாம்னு அந்த நிமிசமே முடிவு பண்ணீட்டேன். முடிவு பண்றதுக்கு எனக்கு நேரமே ஆகாதுங்க. அதுக்குப் பொறவு செய்யறதுக்குத்தான் சித்தெ ஆகும்.

அவளும், "இன்னைக்கே ஒரு ஆளைக் கூப்புடுங்க"ன்னா. அவளுக்குக் கரண்டுன்னா எப்பவுமே பயம். நாலு வருசத்துக்கு முந்தியே, கிரைண்டரைத் தொட்டா சுர்ருங்குதுன்னு சொன்னா. நான் என்ன, சொன்னதைக் காதுல வாங்காத ஆளா? போயித் தொட்டுப் பாத்தனுங்க. ஒண்ணுமே இல்லை. கடைக்குப் போயிட்டு வந்த ரப்பர் செருப்போடயே நின்னு தொட்டேன், அதுக்குத்தான் அவ சத்தம் போட்டா, சமையல்கட்டுக்குள்ள செருப்பான்னு. மறுநாள்ல இருந்து பாத்தா அவளே ரப்பர் செருப்பைப் போட்டுட்டு மாவாட்டறா! பொம்பளைக பேசறதுக்கும் செய்யறதுக்கும் சம்பந்தம் இருக்குதுங்களா?

அப்பறமும் ரெண்டு மூணு தடவை சொன்னா. வயசாச்சு, கையில நரம்பு தளந்திருக்கும்னு எனக்குப் பட்டுது. சும்மா உடலீங்க. கோயமுத்தூருக்கே கூட்டிட்டுப் போயி நரம்பு டாக்டர்கிட்டக் காட்டினேன். ஃபீசு, டெஸ்ட்டு, மூணு மாசத்துக்கு மாத்திரை. அதுல மட்டும் நான் கொட்டேஷன் கேக்கலை. கட்டின பொண்டாட்டிக்குப் பாக்கறதுல என்னுங்க கணக்கு? மாத்திரை நல்லா வேலை செஞ்சுது. அதுக்குப் பொறவு அவ கிரைண்டர் பேச்சையே எடுக்கலை.

சரி, வயரிங்குக்கு வர்றேன். மொத ஆளு பேரு வேண்டாமுங்க. ஹால்ல நின்ன எடத்துலயே மேல பாத்தான், கீழ பாத்தான். "அறுவத்தெட்டாயிரம் சார். பழைய பைப்புலயே புது ஒயர இழுத்து உட்டர்லாம்"னான். மூணே நிமிசம். ரெண்டாவது, எங்க பங்காளி ஒருத்தரு சொன்ன ஆளு. போன்லயே கேட்டான், "எத்தனை சதுர அடிங்க?" ஆயிரத்து நூறுன்னேன். "அப்ப தொண்ணூறு"ன்னான். ஊட்டைப் பாக்கவே இல்லை. எனக்கு அது புடிச்சுது. சுருக்கமா இருந்துச்சு.

மூணாவது இந்த ஜெயசீலன். அவன் வந்தன்னைக்கு நான் ஊட்டுல இல்லீங்க. பென்சன்காரங்க கூட்டம், நான் இல்லாம நடக்காது. பத்து மணிக்கு வந்தவன் ஒரு மணி வரைக்கும் இருந்தானாம். மூணு மணி நேரம்! ஆயிரத்து நூறு சதுர அடி ஊட்டுல மூணு மணி நேரம் பாக்கறதுக்கு என்னுங்க இருக்குது, மீனாட்சியம்மன் கோயிலா? மனோன்மணிதான் சுத்திக் காட்டினா. "என்னம்மிணி பாத்தான்?"னேன். "பாத்தான்"னா. "என்ன கேட்டான்?" "கேட்டான்." அவ்வளவுதான் சொன்னா. மோர் குடுத்தேன்னா.

ரெண்டு நாள் கழிச்சு கொட்டேஷன் வந்துச்சு. ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம்! ரெண்டு தாள்ல எழுதியிருந்தான், கையெழுத்து மட்டும் முத்து முத்தா இருந்துச்சு.

மொதத் தாள்ல பாயிண்ட்டுக் கணக்கு. எலக்ட்ரீஷியனுக எல்லாத்தையும் பாயிண்ட்டுலதான் சொல்லுவாங்க, தெரியுமில்லீங்களா? பாயிண்ட்டுக்கு இவ்வளவு கூலின்னு. அவன் நாப்பத்தாறு பாயிண்ட்டுன்னு போட்டிருந்தான். நான் ஊடு முச்சூடும் சுத்தி எண்ணிப் பாத்தா பதினொண்ணுதான் வருது. குதிச்சேன் பாருங்க! நாப்பத்தாறு எங்க, பதினொண்ணு எங்க? போனைப் போட்டுக் கிழிச்சுத் தோரணம் கட்டீட்டேன். அவன் பொறுமையாக் கேட்டான். "சார், நீங்க போர்டை எண்ணியிருக்கீங்க. ஒரு லைட்டு, அதுக்கு ஒரு சுச்சு, சேந்து ஒரு பாயிண்ட்டு. ஒரு போர்டுல நாலஞ்சு பாயிண்ட்டு இருக்கும் சார்"னான். மறுக்கா எண்ணினேன். நாப்பத்தாறுதான். சரி, அதுல அவன் தப்பிச்சுட்டான்.

ஆனா ரெண்டாவது தாளு இருக்குதே, அதுலதான் மாட்டினான். தலைப்பே "தனியாகப் பார்க்க வேண்டியவை." மொத்தம் பதினாலு வரி. ஒண்ணு, கிரைண்டர். சரி, கரண்டுல ஓடற சாமான். ரெண்டு, பாத்ரூம் தண்ணிக் குழாய். குழாய்க்கும் எலக்ட்ரீஷியனுக்கும் என்னுங்க சம்பந்தம்? மூணு, ஊட்டுக்குப் பின்னால பொடக்காலியில துணி காயப் போடற கம்பி. நல்லாக் கேளுங்க தம்பி, துணிக் கம்பி! ரெண்டு ஆணியில கட்டின கம்பிங்க அது, அதுக்கு எந்த ஊர்ல வயரிங் பண்றாங்க? நாலு, இரும்பு பீரோ. அதுக்குப் பக்கத்துலயே பிராக்கெட்டுல "மழை நாளில்." அஞ்சு, பின்பக்க ஜன்னல், "மோட்டார் ஓடும்போது." ஜோசியக்காரன் கூட இப்பிடி எழுத மாட்டானுங்க.

அந்தப் பதினாலுக்கும் அடியில தனியா எர்த்துக் குழின்னு ஒண்ணு. அதுக்கு என்னென்ன வேணுமாம் தெரியுமா? உப்பு ஒரு மூட்டை, கரி ரெண்டு மூட்டை! எனக்குச் சிரிப்புத் தாங்கலை. ஊட்டுக்கு வயரிங் பண்ண வர்றானா, இல்லைக் கருவாடு போட வர்றானா? மனோன்மணியக் கூப்பிட்டு, "இந்தா பாரு, உங்க எலக்ட்ரீஷியன் உப்புல திருஷ்டி கழிக்கறானாம்"னு படிச்சுக் காட்டினேன். அவ சிரிக்கலை. "அவரு எழுதினது எல்லாமே வேணுமுங்க"ன்னா. இவளுக்கு என்ன தெரியும்னு நெனச்சுட்டேன்.

மில்லுல ஒரு காண்ட்ராக்டர் வெள்ளையடிச்ச பில்லுல ஏணிக்கு வாடகை, ஏணியைப் புடிச்ச ஆளுக்குக் கூலின்னு போட்டான். ஸ்டோர்ஸ்காரன் கண்ணுங்க இது, அப்பிடியே புடிச்சுரும். செவப்புப் பேனாவை எடுத்தேன். ரெண்டாவது தாளு முழுக்க மூலைக்கு மூலை ஒரே கோடு.

அப்பறம் ஒரு சார்ட்டுப் பேப்பர் வாங்கிட்டு வந்து ஒப்பீட்டு அட்டவணை போட்டேன். மூணு ஆளு, எல்லாச் சாமானும் வரிசையா. ஒயரு என்ன கம்பெனி, எத்தனை கனம், சுச்சு என்ன வெலை, கூலி தனியா சேத்தியா. ஒவ்வொரு சாமானுக்கும் உடுமலையில மூணு கடை, பொள்ளாச்சியில ரெண்டு கடை. கடைக்காரனுக என்னையப் பாத்தாலே ஷட்டரை எறக்கற அளவுக்கு அலைஞ்சேன். சித்திரை போச்சு, வைகாசி போச்சு. அந்தச் சார்ட்டு இன்னமும் இருக்குது, போறப்பக் காட்டறேன். கலர் கலரா இருக்கும்.

மனோன்மணி நடுவுல நடுவுல, "ஏனுங்க, மழைக்கு முந்தி முடிச்சர்லாமுங்களே"ம்பா. "அவசரப்பட்டா தலையில மொளகா அரைச்சிருவாங்க அம்மிணி"ம்பேன். அவளும் சரின்னு போயிருவா. ஆனி மாசம் காத்து ஆரம்பிச்சு, ஆடியில சாரல் புடிச்சுது. இந்த ஊரு சாரல் உங்களுக்குத் தெரியாது, நாள் முச்சூடும் பிசுபிசுன்னு பேஞ்சுட்டே இருக்கும். அப்ப அவ ஈரத்துணி பக்கெட்டைத் தூக்கிட்டு மாடியேறிப் போயிக் காயப் போடுவா. கொட்டாய் இருக்குதுங்க மேல. பொடக்காலியில கம்பி இருக்கறப்ப எதுக்கு மாடிக்குன்னு நெனச்சேன். அப்பறம், வயசான காலத்துல படியேறினா முட்டிக்கு நல்லதுதான்னு உட்டுட்டேன். பீரோவைத் தொறக்கோணும்னா சேலைத் தலைப்பைக் கையில சுத்திக்குவா. பீரோ பெயிண்ட்டுல கைரேகை படக்கூடாதுன்னு எவ்வளவு பக்குவமா இருக்கறா பாருன்னு எனக்குப் பெருமைங்க. தண்ணி மோட்டாரைப் போடறதுக்கு முந்தியே குளிச்சு முடிச்சுருவா. சுறுசுறுப்புன்னு நெனச்சேன்.

ஸ்டோர்ஸ்காரன் கண்ணு எல்லாத்தையும் பாத்துச்சுங்க. ஒண்ணையும் உடலை.

காப்பி வந்துருச்சு. எடுத்துக்கங்க. இவருதான் அம்மிணி மூலை ஊட்டை வாங்கினவரு. நம்ம வயரிங் கதைதான் சொல்லிட்டு இருக்கறேன். ஏன் சிரிக்கறே? சரி, நீ போ, அடுப்புல ஏதோ இருக்குது பாரு.

ஆடி நடுவுல ஒரு நாளு, ஜெயசீலனை வரச் சொன்னேன். ஆளு நாப்பது வயசு இருப்பான், ஒல்லியா, சட்டைப் பையில டெஸ்டர். அன்னைக்கும் சாரல். சார்ட்டைச் செவுத்துல மாட்டி வெச்சு, செவப்புக் கோடு போட்ட தாளையும் முன்னால வெச்சேன். "ஜெயசீலா, மொதத் தாளை ஒத்துக்கறேன். ரெண்டாவது தாளு வேண்டாம். இதைக் கழிச்சுட்டு ஒரு நல்ல வெலையாச் சொல்லு"ன்னேன்.

அவன் தாளைப் பாத்தான். கோட்டைப் பாத்தான். சார்ட்டையும் பாத்தான், பாவம், ரொம்ப நேரம் பாத்தான். "சார், மொதத் தாள்ல எதை வேணாலும் அடிச்சுக்கங்க. ஹால் லைட்டைக் கொறைச்சுக்கலாம். பழைய ஃபேனையே மாட்டிக்கலாம். மொதத் தாளே வேண்டாம்னாலும் பரவால்லை. ஆனா ரெண்டாவது தாள்ல ஒரு வரி அடிச்சாலும் நான் இந்த வேலையை எடுக்க மாட்டேன் சார். வேற ஆளைப் பாத்துக்கங்க"ன்னான்.

முப்பத்தொரு வருசத்துல ஒருத்தன் எங்கிட்ட இப்பிடிப் பேசினதில்லீங்க. கோவம் வந்துருச்சு. "துணிக் கம்பிக்கும் பீரோவுக்கும் காசு கேக்கறியே, இந்த லிஸ்ட்டு எங்கீருந்து புடிச்சே?"ன்னு கத்தீட்டேன். அவன் சமையல்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பாத்தான். "அக்கா குடுத்த லிஸ்ட்டு சார் இது. நான் ஒரே கேள்விதான் கேட்டேன், எங்கெங்கக்கா ஷாக் அடிக்குதுன்னு. அக்கா கூட்டிட்டுப் போயி ஒவ்வொண்ணாக் காமிச்சாங்க. எப்ப அடிக்கும்னு கூடச் சொன்னாங்க. நான் அப்பிடியே எழுதிக்கிட்டேன்."

எனக்கு அப்பவும் வெளங்கலீங்க. "அவளுக்கு நரம்பு தளர்ச்சிப்பா. கோயமுத்தூர்ல காட்டியிருக்குது"ன்னு சொல்லிட்டே எந்திரிச்சேன். "இந்தா பாரு, இது பீரோ. இதுல எங்க இருந்து வரும் கரண்டு?"ன்னு கையை வெச்சேன். "சார் தொடாதீங்க"ன்னு அவன் வர்றதுக்குள்ள வெச்சுட்டேன். வெறுங்காலு. சாரல்ல தரையெல்லாம் பொதும்பிக் கெடக்குது.

சுர்ர்ருன்னு முழங்கை வரைக்கும் ஏறுச்சுங்க! "ஐயோ அம்மா"ன்னு கத்தினதுல பக்கத்து ஊட்டுக்காரங்க எட்டிப் பாத்துட்டாங்க. மனோன்மணி கரண்டியோட ஓடியாந்தா. எங்கையைப் புடிச்சுப் பாத்தா, தேய்ச்சு உட்டா. "இது கொஞ்சந்தானுங்க. கிரைண்டர் இதுக்கும் மேல இருக்கும்"னா.

அப்பறம் அவன் டெஸ்டரை எடுத்துட்டு முன்னால போனான். குழாய்ல வெச்சான், டெஸ்டர்ல லைட்டு எரிஞ்சுது. ஜன்னல்ல வெச்சான், எரியலை. அவ பின்னாலயே நின்னு, "மோட்டாரைப் போடுங்க தம்பி"ன்னா. போட்டான், எரிஞ்சுது. பொடக்காலிக் கம்பியில வெச்சான், அதுவும் எரிஞ்சுது. "செவுத்துக்குள்ள ஒயரு தோலு உரிஞ்சு போயிக் கெடக்குது சார். கரண்டு வெளியில கசியுது. இந்த ஊட்டுக்கு எர்த்தே இல்லை. கசியற கரண்டு பூமிக்குப் போறதுக்கு வழியில்லை, அதான் ஆளு மேல பாயுது. உப்பும் கரியும் போட்டுக் குழி எடுக்கறது அதுக்குத்தான் சார்"னான். பதினாலுல ஒண்ணு கூடத் தப்பலீங்க. டெஸ்டர் போற எடத்துக்கு முந்தியே அவ போயி நிக்கறா. கண்ணை மூடிட்டு எங்க நடந்தாலும் எதைத் தொடக்கூடாதுன்னு அவளுக்குத் தெரியுது. நானும் அதே ஊட்டுலதான் இருக்கறேன்.

"ஏம்மிணி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"ன்னேன்.

"சொன்னனுங்களே"ன்னா. "கிரைண்டர் ஒண்ணைச் சொன்னதுக்கே நரம்பு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனீங்க. மிச்சம் பதிமூணையும் சொல்லியிருந்தா எத்தனை டாக்டர்கிட்டப் போயிருக்கோணும்?"

கோவமாச் சொல்லலீங்க. சிரிச்சுட்டேதான் சொன்னா. ஜெயசீலன் அந்தப் பக்கம் திரும்பி, செவுத்துல ஒரு ஸ்குருவ ரொம்பக் கவனமாப் பாத்துட்டு இருந்தான்.

தம்பி, நெசமாச் சொல்றேன். நான் ஒயரு வெலைக்குப் பொள்ளாச்சிக்குப் போயிட்டு இருந்த ஒவ்வொரு நாளும் இவ ஈரக்கையோட இந்த ஊட்டுக்குள்ள நடந்துட்டு இருந்திருக்கறா. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, செருப்பைப் போட மறந்திருந்தா? நான் கலர் பென்சில்ல கோடு போட்டுட்டு இருந்திருப்பேன். அன்னைக்கு எனக்குச் சோறே எறங்கலை. பொண்டாட்டிக்கு எல்லாஞ் செஞ்சு வெச்சவன்னு என்னைய நெனச்சுட்டு இருந்தேன், எனக்கே என்னையப் பாக்க வெக்கமா இருந்துச்சு.

ஆனாலும் கொட்டேஷனை அப்பிடியே ஒத்துக்கலீங்க. வெக்கம் வேற, வெலை வேற. பேசிப் பேசி ரெண்டாயிரம் கொறைச்சேன். அப்பறம், கழட்டற பழைய ஒயரு ஊட்டுக்காரனுக்குத்தான்னு கண்டிசன் போட்டேன். செம்பு என்ன வெலை விக்குது! எடுத்துக்கங்க சார்னுட்டான். ஒம்போது நாள் வேலை நடந்துச்சு. நான் சேர் போட்டு உக்காந்து ஒரு முழம் உடாம எல்லாத்தையும் சாக்குல கட்டி எடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரன் ஒண்ணை உரிச்சுப் பாத்துட்டு, "இது அலுமினியமுங்க"ன்னான். ஆட்டோக் கூலிக்குச் சரியாப் போச்சு.

நீங்களும் கேட்டுக்கங்க. செவுத்தைக் கொத்தி பைப்புப் பதிச்சா மறுக்கா பூசறது யாருன்னு இப்பவே கேட்டு எழுதி வாங்கீருங்க. நான் அலுமினியத்துக்கு மல்லுக்கட்டினதுல அதைக் கேக்க உட்டுட்டேன். கொத்தனாருக்குத் தனியா அழுதேன். கொறைச்ச ரெண்டாயிரமும் அவரு வாயில போச்சு, மேல நாலாயிரமும் போச்சு.

சரி, இப்ப உங்க பேப்பரைப் பாப்போம். ஒயரு நல்ல கம்பெனி. கிரைண்டருக்கும் ஹீட்டருக்கும் தடிச்ச ஒயரு போட்டிருக்கான். கரண்டு கசிஞ்சா தானா அமந்துக்கற டிரிப்பர் போட்டிருக்கான். எர்த்துக் குழி, உப்பு, கரி, எல்லாம் இருக்குது. எல்லாம் சரிதான். எங்க, ரெண்டாவது தாளைக் காணம்? இவ்வளவுதான் குடுத்தானா? ஊட்டைச் சுத்திக் காட்டினது யாருங்க? நீங்களா? பால் காய்ச்சி நாலு மாசமாக் குடியிருக்கீங்கல்ல? உங்க சம்சாரம் அன்னைக்கு எங்க, ஆபீசா? அப்ப இது பாதிக் கொட்டேஷன் தம்பி. அவங்க இருக்கறப்ப ஜெயசீலனை மறுக்கா வரச் சொல்லுங்க. பொறவு நியாயமா இல்லையான்னு பேசலாம்.

இன்னொண்ணு சொல்லோணும். வேலை முடிஞ்ச அன்னைக்குச் சாயந்தரம், பேப்பரும் பேனாவும் எடுத்துட்டு மனோன்மணி முன்னால உக்காந்தேன். இனிமே ஒண்ணுகூட உட்டுப் போகக்கூடாது பாருங்க. "வேற எதாச்சும் சரி பண்ண வேண்டியது இருக்குதா அம்மிணி? எதுன்னாலும் சொல்லு, எழுதிக்கறேன்"னேன். முப்பத்தெட்டு வருசத்துல நான் அப்பிடிக் கேட்டதே இல்லையாம், அவதான் சொன்னா. "ஒண்ணு இருக்குதுங்க"ன்னா. "ஆனா அது எலக்ட்ரீஷியன் பாக்கற வேலை இல்லை."

எத்தனை நாளா இருக்குதுன்னேன். "கண்ணாலம் ஆன நாள்ல இருந்து"ன்னா. என்னன்னு கேட்டாச் சொல்ல மாட்டீங்கறா. வாயைப் பொத்திட்டுச் சிரிக்கறா.

கண்ணாலம் ஆன நாள்ல இருந்துன்னா இந்த ஊடு கட்டின நாள்ல இருந்துன்னு அர்த்தம். எனக்கு அது உடனே புடிபட்டுருச்சுங்க. பிளம்பரை வர வெச்சேன். ஊடு முச்சூடும் பாத்துட்டு ஒரு சொட்டு ஒழுகலைன்னு சொல்லீட்டான். கொத்தனாரு செவுத்தை எல்லாந் தட்டிப் பாத்துட்டாரு, ஊடு கல்லாட்டம் இருக்குதாம். அவகிட்டப் போயி, இதுவுமில்லையா அம்மிணின்னா, "இல்லீங்க, ஆனாப் பக்கத்துல வந்துட்டீங்க"ங்கறா.

அப்ப மிச்சம் மரவேலைதானுங்களே? நாளைக்குக் காலையில ஆசாரி வர்றாரு.